பழைய காருக்குப் புது மூச்சு!

வெளியே போகும் புகையைக் கொண்டே காரை வேகமாக ஓட வைக்கிறார்கள்! ஆனால் ஆசை அளவு மீறினால், என்ஜின் உடைந்து போகும்.

கொல்லன் பட்டறையைப் பார்த்து இருக்கிறீர்களா? துருத்தியை அமுக்கினால், அணையப் போகும் கரி நெருப்பு கூட "குபீர்" என்று எரியும். கரியைக் கூட்டவில்லை. காற்றைத்தான் கூட்டினார்கள்.

கார் என்ஜினும் அப்படித்தான். ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய, சுமார் 15 கிலோ காற்று வேண்டும். காற்றை அதிகமாகத் திணித்து, அதற்கு ஏற்ற பெட்ரோலையும் கொடுத்தால், அதே என்ஜின் அதிக சக்தி தரும்.

இப்படிக் காற்றைத் திணிக்கும் கருவிக்கு "டர்போ" என்று பெயர். பழைய பந்தய ரகக் கார்களை வைத்து இருப்பவர்களுக்கு இதன் மீது தனி மோகம். பல நாடுகளில், வீட்டுக் கொட்டகையிலேயே டர்போ பூட்டுகிறார்கள்.

புகை சுற்றும் சக்கரம்

டர்போ என்பது என்ன? ஒரு சிறு தண்டு. அதன் இரண்டு முனையிலும் ஒவ்வொரு சக்கரம். அவ்வளவுதான்!

என்ஜினில் இருந்து வெளியேறும் சூடான புகை, ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது. மறுமுனையில் உள்ள சக்கரமும் கூடவே சுற்றுகிறது. அது வெளிக்காற்றை உறிஞ்சி, என்ஜினுக்குள் தள்ளுகிறது. வீணாகப் போகும் புகையே வேலை செய்கிறது!

அந்தத் தண்டு எவ்வளவு வேகமாகச் சுற்றும் தெரியுமா? நிமிடத்துக்கு ஒரு லட்சம் தடவைக்கு மேல்!

சுவிட்சர்லாந்து நாட்டு என்ஜினீயர் ஆல்பிரட் பியூகி, 1905-ம் ஆண்டிலேயே இந்த யோசனைக்குக் காப்புரிமை வாங்கினார்.

மலை உச்சியில் சோதனை

1918-ம் ஆண்டு. முதல் உலகப் போர் நடந்து கொண்டு இருந்தது. மேலே போகப் போக விமான என்ஜின்கள் திணறின. காரணம், உயரத்தில் காற்று குறைவு.

அமெரிக்க என்ஜினீயர் சான்போர்டு மாஸ், ஒரு விமான என்ஜினை லாரியில் ஏற்றினார். 14 ஆயிரம் அடிக்கு மேல் உயரமான "பைக்ஸ் பீக்" மலை உச்சிக்குக் கொண்டு போனார்.

தரையில் 350 குதிரைச் சக்தி கொடுத்த அந்த என்ஜின், மலை உச்சியில் 230 குதிரைச் சக்திதான் கொடுத்தது. டர்போவைப் பூட்டி ஓட்டினார். 356 குதிரைச் சக்தி வந்தது!

மறந்தால் ஆபத்து!

1962-ம் ஆண்டு, "ஓல்ட்ஸ்மொபில் ஜெட்பயர்" என்ற கார் அமெரிக்காவில் டர்போவுடன் விற்பனைக்கு வந்தது. சக்தி 215 குதிரை.

அதில் ஒரு சிக்கல். என்ஜினுக்குள் சூடு ஏறாமல் தடுக்க, தண்ணீரும் ஒருவகைச் சாராயமும் கலந்த திரவத்தைச் சிறிது சிறிதாகத் தெளிக்க வேண்டும். அதற்குத் தனித் தொட்டி. திரவம் தீர்ந்தால் கார் ஓடும். ஆனால் வேகம் குறைந்து விடும்.

பலர் திரவத்தை ஊற்ற மறந்தார்கள். "கார் இழுக்கவில்லை" என்று புகார் செய்தார்கள். 1963-ம் ஆண்டோடு அந்தக் கார் நின்றது. பிறகு பல கார்களில் டர்போவைக் கழற்றி, சாதாரண கார்புரேட்டரைப் பூட்டிக் கொடுத்தார்கள்.

இதில் ஒரு பாடம் உண்டு. மனிதன் மறக்கத்தான் செய்வான். அவன் மறந்தாலும் பிழைத்து இருப்பதே நம்பிக்கையான என்ஜின்!

சின்னக் கார், பெரிய ஆசை

இப்போது ஒரு காரை எடுத்துக் கொள்வோம். ஜப்பானில் செய்த "மாஸ்டா எம்.எக்ஸ்.5". 1989-ம் ஆண்டு வந்தது. இரண்டே பேர் உட்காரலாம். கூரையை மடக்கி விடலாம். 1.6 லிட்டர் என்ஜின். சுமார் 116 குதிரைச் சக்தி. எடை ஒரு டன்னுக்கும் குறைவு.

பழைய காருக்கு டர்போ வைப்பவர்களில் பலர், இந்தக் காரைத்தான் தேர்ந்து எடுக்கிறார்கள். என்ஜின் பிளாக் இரும்பு வார்ப்பு. உறுதியானது. ஆனால் வயது 30-க்கு மேல் ஆகிவிட்டதே!

ஆகவே முதல் வேலை, டர்போ வாங்குவது அல்ல. உடம்பைச் சோதிப்பது. நான்கு சிலிண்டர்களிலும் அழுத்தத்தை அளக்க வேண்டும். ஒன்றில் மட்டும் குறைந்தால், அந்த என்ஜின் நோயாளி. நோயாளி முதுகில் மூட்டை ஏற்றலாமா? முதலில் அதைப் பழுது பார்க்க வேண்டும்.

1990, 1991-ம் ஆண்டுக் கார்கள் சிலவற்றில், கிராங்க் தண்டின் முனை குட்டையாக இருக்கும். அங்குள்ள போல்ட் தளர்ந்தால், சாவிப் பள்ளம் தேய்ந்து போகும். இதையும் பார்த்துக் கொள்ள வேண்டும்.

மூன்று எமன்கள்

டர்போ என்ஜினுக்கு மூன்று எமன்கள் உண்டு.

முதல் எமன், சூடு. காற்றை அமுக்கினால் சூடாகும். சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பு சுடுகிறது அல்லவா? வெளியே 30 டிகிரியாக உள்ள காற்று, டர்போவைத் தாண்டும்போது சுமார் 80 டிகிரி ஆகிவிடும். ஆகவே, காற்றுக்கு என்று தனி ரேடியேட்டர் வைத்துக் குளிர வைக்கிறார்கள்.

இரண்டாவது எமன், "நாக்கிங்". பிளக்கின் தீப்பொறி பற்ற வைத்த தீ வந்து சேரும் முன்பே, எரியாமல் மீதி இருக்கும் சூடான காற்றும் பெட்ரோலும் தாமாகவே வெடிக்கும். பிஸ்டனைச் சுத்தியலால் அடிப்பது போல இருக்கும். சில விநாடிகளில் பிஸ்டன் உடையலாம். சேர்த்து வைத்த பணம் எல்லாம் போச்சு!

பெட்ரோல் குறைந்தால் நாக்கிங் வரும். இந்தக் காரில் காற்றை அளக்க ஒரு சிறு கதவு இருக்கிறது. அது முழுவதும் திறந்த பிறகும் காற்று கூடினால், அதற்குத் தெரியாது. பெட்ரோல் பற்றாமல் போகும். ஆகவே, அழுத்தத்தை அளக்கும் புதுக் கம்ப்யூட்டரையும், பெரிய இன்ஜெக்டர்களையும் பூட்ட வேண்டும். தீப்பொறியையும் சற்றுத் தாமதமாக விழச் செய்ய வேண்டும். செலவுதான். ஆனால் இதில் சிக்கனம் பிடித்தவர்கள், பிறகு என்ஜினையே மாற்ற நேரிடும்.

மூன்றாவது எமன், ஆயில் தட்டுப்பாடு. டர்போ தண்டு ஆயிலில்தான் மிதக்கிறது. ஆயில் வரும் குழாய் சிறியது. திரும்பும் குழாய் பெரியதாக இருக்க வேண்டும். அது மேடு இல்லாமல் கீழ் நோக்கியே போக வேண்டும். வாய்க்கால் நீர் மேட்டில் ஏறுமா? ஆயில் தேங்கினால் டர்போ புகை கக்கும்.

எத்தனை பவுண்டு?

நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம், சதுர அங்குலத்துக்கு சுமார் 14.7 பவுண்டு. டர்போ அதற்கு மேல் 6 அல்லது 7 பவுண்டு கொடுத்தால் போதும். 116 குதிரைச் சக்தி சுமார் 160 ஆகிவிடும்.

"இன்னும் கொஞ்சம் கூட்டினால் என்ன?" என்று ஆசை தோன்றும். அங்கேதான் ஆபத்து! அழுத்தம் ஏற ஏற, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்து போகும். கூட்டத்தான் வேண்டும் என்றால், என்ஜினைப் பிரித்து, உறுதியான ராடும் பிஸ்டனும் போட வேண்டும்.

ஏரி நிரம்பினால் மதகைத் திறக்கிறோம். டர்போவுக்கும் ஒரு மதகு உண்டு. அழுத்தம் அளவு மீறினால், புகையை வேறு வழியில் விட்டுவிடும். அதை அடைத்து வைப்பவன், தன் கையால் தன் என்ஜினை உடைப்பவன்!

வேகம் கூடினால் போதுமா? நிற்கவும் வேண்டாமா? பிரேக், கிளட்ச், டயர் எல்லாவற்றையும் கவனிக்க வேண்டும். இல்லாவிட்டால் என்ஜின் பிழைக்கும். ஆள் பிழைப்பது சந்தேகம்.

ஒரு நிமிடப் பொறுமை

வேகமாக ஓட்டி வந்த உடனே என்ஜினை நிறுத்தக் கூடாது. டர்போ கொதிக்கும் சூட்டில் இருக்கும். உள்ளே தங்கிய ஆயில் கருகிக் கரியாகிவிடும். ஒரு நிமிடம் என்ஜினை மெதுவாக ஓடவிட்டு, பிறகு நிறுத்த வேண்டும். ஆயிலையும் காலம் தவறாமல் மாற்ற வேண்டும்.

பழைய காருக்குப் புது மூச்சு கொடுக்கலாம். மூச்சு முட்ட வைக்கக் கூடாது!