இராமலிங்க அடிகளின் கடவுட் கொள்கை: ஒரு வாழ்வின் வளர்ச்சி நிலைகள்

இளமையிற் கொண்ட கடவுட் கொள்கை இறுதிவரை மாறாதிருத்தலே பக்தியின் உறுதிக்குச் சான்றெனக் கருதும் மரபு நம்மிடையே வலுவானது. அடியார் வரலாறுகளில் மாற்றம் பேசப்படுமிடத்தும், அது பெரும்பாலும் பிரிந்து சென்றவர் மீண்டு வந்த கதையாகவே அமையும். சமணத்திலிருந்து சைவத்துக்கு மீண்ட திருநாவுக்கரசரின் வரலாறு இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். ஆனால், மீண்டு வருதலாகவன்றித் தான் நின்ற இடத்தைக் கடந்து செல்லுதலாக ஒருவரது இறையுணர்வு மாறுமாயின், அதனை எவ்வாறு விளக்குவது? அம்மாற்றத்தை அவரே வெளிப்படையாக ஒப்புக்கொள்வாராயின், அவரைப் போற்றும் சமூகம் அதனை எவ்வாறு எதிர்கொள்ளும்? இவ்விரு வினாக்களையும் ஆராய்வதற்கு இராமலிங்க அடிகளின் (1823–1874) வாழ்வு சிறந்த களமாக அமைகின்றது.

1. சான்றுகளின் இயல்பு

அடிகளின் பாடல்கள் ஆறு திருமுறைகளாக வகுக்கப்பட்டுள்ளன. முதல் நான்கும் அவர் வாழ்ந்த காலத்திலேயே, 1867ஆம் ஆண்டில், அவருடைய மாணவர் தொழுவூர் வேலாயுத முதலியாரால் வெளியிடப்பட்டன. ஐந்தாம் திருமுறை 1880இலும், ஆறாம் திருமுறை 1885இலுமே அச்சேறின. இவ்வகுப்புமுறை கால அடைவைப் பின்பற்றியதன்று. 1972இல் வெளிவந்த ஊரன் அடிகள் பதிப்பே பாடல்களைக் காலமுறைப்படி நிரற்படுத்த முயன்றது. எனவே, 1867ஆம் ஆண்டு நூலை மட்டும் கற்றவர் கண்ட இராமலிங்கரும், 1885இன் பின் ஆறாம் திருமுறையையும் கற்றவர் கண்ட இராமலிங்கரும் ஒருவரல்லர் எனலாம். இவ்வெளியீட்டு இடைவெளி பின்னர் எழுந்த கருத்து மாறுபாடுகள் பலவற்றுக்கும் அடிப்படையாயிற்று என்பது மனங்கொளத்தக்கது.

2. கந்தகோட்டமும் திருவொற்றியூரும்

சிதம்பரத்தை அடுத்த மருதூரிற் பிறந்த இராமலிங்கர் குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்தார். பின்னர் சென்னையில் மூத்த தமையனார் சபாபதியின் ஆதரவில் வளர்ந்தார். தமையனாருக்குப் புராணப் பிரசங்கமே சீவனோபாயம். பள்ளிக் கல்வியில் மனஞ்செல்லாத சிறுவர் கந்தகோட்டத்து முருகனைப் பாடினார். அப்பருவத்து இறைவன் தணிகையிலும் கந்தகோட்டத்திலும் உறைபவன். பெயரும் வடிவும் ஊரும் உடையவன். குழந்தை தாய் தந்தையரிடம் உரிமையோடு கேட்பதுபோற் கேட்கத்தக்கவன்.

இளமைப் பருவத்தில் இவ்வுறவு திருவொற்றியூர்த் தியாகேசரை நோக்கித் திரும்பியது. இங்கு ஆண்டான் அடிமை என்னும் பழைய பக்தி மரபே மேலோங்குகின்றது. திருஞானசம்பந்தரைக் குருவாகக் கொண்டு, நால்வரையும் போற்றிப் பாடிய இக்காலத்து அடிகளைச் சைவ மரபின் முழுமையான வாரிசு எனலே பொருந்தும். தன் குறையுணர்ந்து வருந்துதலும், பொருளுடையார் வாயிலில் நிற்க நேரும் இழிவினின்று காக்குமாறு வேண்டுதலும் இப்பாடல்களில் மீண்டும் மீண்டும் வருவன. கம்பனி ஆட்சியில் வணிக நகராய் விரிந்துகொண்டிருந்த சென்னையில், பணமே மதிப்பின் அளவுகோலாகிய சூழலில், வறிய கல்விமான் ஒருவருக்கு இறைவன் புகலிடமாய் நின்றான். இந்நிலையில் துயருறுபவர் பாடுபவரே; அவருடைய துயரே இறைவனிடம் வைக்கப்படும் விண்ணப்பம்.

3. வடலூரும் பசியும்

1850களின் இறுதியில் அடிகள் சென்னையை நீங்கித் தென்னார்க்காட்டுப் பகுதிக்குச் சென்று, கருங்குழியில் தங்கலானார். 1865இல் சமரச வேத சன்மார்க்க சங்கம் தோன்றியது. 1867 மே மாதத்தில் வடலூரிற் சத்திய தருமச்சாலை தொடங்கப்பெற்றது. இக்காலத்திலேயே அவரது கடவுட் கொள்கையின் அடிப்படை மாறுகின்றது.

மாற்றத்தின் தர்க்கத்தை அவருடைய ‘சீவகாருணிய ஒழுக்கம்’ என்னும் உரைநடை நூலிற் காணலாம். உயிர்களுக்கு நேரும் துன்பங்களுள் பசியே முதன்மையானது என்றும், அதனை நீக்குதலே கடவுள் வழிபாடு என்றும் அந்நூல் வாதிக்கின்றது. ஒருவன் பசித்திருத்தல் முன்வினைப் பயனாயின், அவனுக்கு உணவளித்தல் கடவுளாணைக்கு மாறாகாதோ என்ற தடையை அவரே எழுப்புகிறார். அரசன் தான் சிறையிலிட்ட குற்றவாளிகளுக்கும் ஏவலரைக் கொண்டு உணவளிக்கச் செய்வதை எடுத்துக்காட்டி அத்தடையை விலக்குகிறார். வினைக் கொள்கையை அவர் இங்கு நேரடியாக மறுத்தாரல்லர். ஆயினும், பிறர் துன்பத்தைக் கண்டும் வாளாவிருப்பதற்கு அக்கொள்கையைத் துணைக்கழைக்கும் வாயிலை அடைத்துவிட்டார்.

இதனால் இறைவன் இருக்குமிடமும் மாறியது. எல்லா உயிரிலும் அருள் ஒருதன்மையாய் விளங்குமாயின், ஒரு சமயத்துக்குரிய பெயரும் வடிவும் அதற்குப் போதா. ஆகவே கடவுள் அருட்பெருஞ்சோதியானார். 1872 சனவரியில் வடலூரிற் திறக்கப்பட்ட சத்திய ஞான சபையில் திருவுருவம் இல்லை; ஏழு திரைகளுக்கு அப்பால் ஒளியே உண்டு. சாதி, சமயம் என்பவற்றோடு இறந்தார்க்குச் செய்யும் சடங்குகளையும் அவர் இக்காலத்தில் மறுத்தார். இளமையில் தன் துயரைச் சொல்லியழுதவர், இப்போது பிறர் பசிக்கு விடை சொல்லும் பொறுப்பேற்றவராகின்றார். ‘தான்’ என்பதன் எல்லை விரிந்தபோது கடவுளின் எல்லையும் விரிந்தது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

4. அடிகளின் ஒப்புதல்

1873 ஒக்டோபரில் மேட்டுக்குப்பத்திற் கொடியேற்றி அவர் நிகழ்த்திய பேருபதேசம் இவ்வளர்ச்சிக்குத் தலையாய சான்று. தமக்கு முன்பு சைவத்தின்பால் அளவிறந்த பற்றிருந்ததென்றும், முன்னர்ப் பாடியவையே அதற்குச் சாட்சியென்றும், அக்காலத்தில் தமக்கிருந்த அறிவு சிறிதாயிருந்தமையே அதற்குக் காரணமென்றும் அவர் அங்கு கூறினார். வேதம், ஆகமம், புராணம் ஆகியவற்றையும் சமயங்களையும் இலட்சியமாகக் கொள்ள வேண்டாமெனக் கேட்போருக்கு அறிவுறுத்தினார். ஏறக்குறைய மூன்று மாதங்களின் பின், 1874 சனவரி 30இல், அவர் சித்திவளாகத்தில் அறையினுட் சென்றார். பின்னர் அவரை எவரும் கண்டிலர்.

ஐம்பதாம் அகவையில், பல்லாயிரவர் போற்றிய தம் பாடல்களையே தம் சிற்றறிவுக்குச் சான்றாகக் காட்டுதற்கு அரிய நேர்மை வேண்டும்.

5. யாழ்ப்பாணத்து எதிர்வினை

இவ்விடத்தில் ஆறுமுக நாவலரை (1822–1879) நோக்குதல் அவசியமாகும். அடிகளைவிட ஓராண்டே மூத்தவரான நாவலரும் அதே குடியேற்றக் காலச் சூழலை எதிர்கொண்டவர். பாதிரிமாரின் சவாலுக்கு விடையாகச் சைவத்தின் எல்லையை வரையறுத்து, அச்சாலும் பாடசாலையாலும் அதனை அரண்செய்தார். எல்லையை வகுக்க முனைந்தவருக்கு, ‘திருமுறை’, ‘அருட்பா’ என்னும் பெயர்கள் சமகாலத்தவர் ஒருவரின் பாடல்களுக்கு வழங்கப்பட்டமை ஏற்புடையதாகவில்லை. 1869இல் வெளியான ‘போலியருட்பா மறுப்பு’ இதன் விளைவு. ஆயின், அக்கண்டனத்துக்கு இலக்கான 1867ஆம் ஆண்டு நூலே அடிகளின் ஆக்கங்களுள் சைவச் சார்பு மிக்கது. சமய எல்லைகளைக் கடந்த ஆறாம் திருமுறை அச்சாகியபோது நாவலர் உயிரோடில்லை.

நாவலரும் 1870களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்துப் பஞ்சத்தின்போது கஞ்சித்தொட்டி அமைத்துப் பசித்தோர்க்கு உணவளித்தவர். ஆனால் அவரது கடவுட் கொள்கை மாறவில்லை. எனவே பசியைக் கண்டமை மட்டுமே அடிகளின் மாற்றத்துக்குக் காரணமெனல் எளிமைப்படுத்தலாகும். நாவலருக்கு அன்னமிடல் சைவனின் கடமைகளுள் ஒன்று. அடிகளுக்கோ அதுவே வழிபாடு. வேறுபாடு செயலிலன்றி அச்செயலுக்கு அளித்த இடத்திலேயே உள்ளது.

6. எல்லைகள்

அடிகளை முற்போக்காளராக மட்டும் காட்ட முனைவோர் சிலவற்றைக் காணாது விடுகின்றனர். புலாலுண்போரை அவர் புறவினத்தார் என்றே வகுத்தார். பசி நீக்குதல் அவர்க்கும் உரியது, சன்மார்க்க நெறியின் உட்புகுதல் அவர்க்கு உரியதன்று. மீனவரும் உழைக்கும் மக்களிற் பலரும் இவ்வரையறையால் வெளியே நிறுத்தப்பட்டனர். பசி ஏன் உண்டாகிறது, நிலமும் வரியும் யார் கையில் உள்ளன என்ற வினாக்களுக்குத் தருமச்சாலை விடையாகாது. மரணமிலாப் பெருவாழ்வு பற்றிய அவரது நம்பிக்கையும் பிற்காலப் பாடல்களின் மையமாகும். அதனை ஒதுக்கிச் சாதி மறுப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுதல் நேரிய ஆய்வன்று.

மறுபுறத்தில், இளமைப் பாடல்களைக் கோயிலிற் பாடி, இறுதி உபதேசத்தை மறந்துவிடுவோரும் உளர். முன்னையோர் அவரது இறையுணர்வையும், பின்னையோர் அவரது மாற்றத்தையும் மறைக்கின்றனர். இருசாராரும் அவரை மாறாத ஒருவராக ஆக்கவே விழைகின்றனர். கந்தகோட்டத்துச் சிறுவரின்றி வடலூர்த் துறவி இல்லை. ஆயினும் வடலூர்த் துறவி கந்தகோட்டத்திலேயே நின்றுவிடவில்லை. இவ்விரண்டு உண்மைகளையும் ஒருங்கே ஏற்றுக்கொள்ளும்போதே அவர் இறுதியில் மொழிந்த ஒப்புதலுக்கு நாம் மதிப்பளித்தவராவோம்.