‘ஒண்ணும் ஆகாது’ என்று சொல்லலாமா? புற்றுநோய் வார்டில் ஆண் செவிலியர்கள் கற்கும் பாடம்!

ஊசி போடுவதைப் பொம்மையில் பழகலாம். ரத்த அழுத்தம் பார்ப்பதை நண்பனின் கையில் பழகலாம். ஆனால், “எனக்குக் கேன்சராமே, பிழைப்பேனா தம்பி?” என்று ஒருவர் கண்ணைப் பார்த்துக் கேட்டால்? அதை எந்தப் பொம்மையிடம் பழகுவது?

சிதம்பரம் அண்ணாமலை நகரில் இருந்த ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி, 2021-ல் கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரியாக மாறியது. ராணி மெய்யம்மை செவிலியர் கல்லூரி இருப்பதும் அண்ணாமலை நகரில்தான். இப்படிப்பட்ட கல்லூரிகளில் வெள்ளைச் சீருடையில் பையன்களும் படிக்கிறார்கள். இந்திய நர்சிங் கவுன்சில் 2021-ல் கொண்டுவந்த பி.எஸ்ஸி நர்சிங் பாடத்திட்டத்தில், வலி தணிப்புப் பராமரிப்பு கட்டாயப் பகுதி.

பையன்களுக்கு எது கஷ்டம்?

‘ஆம்பளப் புள்ள அழக் கூடாது’ என்று கேட்டு வளர்ந்தவர்கள் இவர்கள். எதிரில் ஒருவர் அழுதால் உடனே அதை நிறுத்தப் பார்ப்பார்கள். “தைரியமா இருங்க”, “ஒண்ணும் ஆகாது” என்று வாயில் வந்துவிடும். நல்ல எண்ணம்தான். ஆனால், அந்த ஒரு வார்த்தையோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ‘இவனிடம் என் பயத்தைச் சொல்ல முடியாது’ என்று நோயாளி சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

அதனால்தான் வகுப்பில் ஒருவர் நோயாளியாகவும் இன்னொருவர் செவிலியராகவும் நடித்துப் பழகும் பயிற்சி தேவைப்படுகிறது. கற்க வேண்டியவை எளிமையானவை: நின்றுகொண்டே பேசாமல், நாற்காலி இழுத்துப்போட்டு உட்காருவது. ‘பெட் நம்பர் 12’ என்று சொல்லாமல் ஐயா, அம்மா, அண்ணே என்று அழைப்பது. “எதை நினைச்சா ரொம்பப் பயமா இருக்குங்க ஐயா?” என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை சும்மா இருப்பது. இந்தச் சும்மா இருப்பதுதான் ரொம்பக் கடினம்.

“அப்பாகிட்ட சொல்லிடாதீங்க தம்பி”

நம் ஊரில் நோயின் பெயரை நோயாளியிடமே மறைக்கும் குடும்பங்கள் உண்டு. மாணவர் என்ன செய்வார்? பொய்யும் சொல்லக் கூடாது, போட்டு உடைக்கவும் கூடாது. “டாக்டர் உங்களுக்கு என்ன சொன்னாங்க? இன்னும் என்ன தெரிஞ்சுக்க விரும்புறீங்க?” என்று கேட்டு, அதை மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதே அவர் வேலை.

பெண் நோயாளி என்றால் இன்னும் கவனம் வேண்டும். மார்பகப் புண்ணுக்குக் கட்டு மாற்றும் முன் அனுமதி கேட்க வேண்டும், திரை இழுக்க வேண்டும், பெண் செவிலியர் உடன் இருக்க வேண்டும். அம்மா, “வேண்டாம் தம்பி” என்றால் முகம் சுளிக்காமல் விலக வேண்டும். அதே சமயம், வயிற்றில் மலப்பை பொருத்தப்பட்ட ஆண்களும், சிறுநீர்க் குழாயோடு இருப்பவர்களும் பெண்களிடம் சொல்லக் கூசும் விஷயத்தை ஒரு ஆண் செவிலியரிடம் மனம்விட்டுச் சொல்லலாம்.

ஒரு ஜன்னலின் கதை

1948-ல் லண்டனில் டேவிட் டாஸ்மா என்ற போலந்துக்காரர் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்தார். உறவென்று யாரும் அருகில் இல்லை. செவிலியராக இருந்து சமூகப் பணியாளரான சிசிலி சாண்டர்ஸ் அடிக்கடி வந்து அவரோடு பேசிக்கொண்டிருந்தார். இறக்கும்போது டாஸ்மா அவருக்கு 500 பவுண்டு விட்டுச் சென்றார், ‘உன் இல்லத்தில் நான் ஒரு ஜன்னலாக இருப்பேன்’ என்ற பொருளில் சொல்லி. பின்னர் மருத்துவமும் படித்த சிசிலி, 1967-ல் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கினார். நவீன வலி தணிப்பு மருத்துவம் வளர்ந்தது அங்கேதான். உடல் வலி, மன வலி, குடும்பக் கவலை, ‘எனக்கு ஏன் இப்படி’ என்ற கேள்வி எல்லாம் சேர்ந்ததுதான் ஒருவரின் முழு வலி என்பது அவர் சொன்ன பாடம்.

கடலூர் மாவட்டத்துக்கும் இது பொருந்தும். நெல் அறுவடை நேரத்தில் படுத்துவிட்ட விவசாயிக்கு, கீமோ வாந்தியைவிட வாங்கிய கடன் அதிகம் வலிக்கலாம். கேட்டால்தானே தெரியும்?

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வலி தணிப்புப் பராமரிப்பு வீட்டு வாசலுக்கே வருகிறது. செவிலியர் வந்து போனபின் மீதி நேரமெல்லாம் அருகில் இருக்கப்போவது நாம்தான். அடுத்த முறை நோயுற்ற உறவினரைப் பார்க்கப் போனால், ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கொடுத்துவிட்டு அறிவுரையைத் தொடங்காதீர்கள். உட்காருங்கள். “எப்படி இருக்கு மனசு?” என்று கேளுங்கள். அப்புறம் அவர் பேசட்டும்.