கஞ்சா எண்ணெயும் வலிப்பு நோயும்

கரோல்பாக்கிலுள்ள நண்பரொருவரின் குழந்தைக்கு வலிப்பு நோய். யாரோ சொல்லக் கேட்டு, கஞ்சா விதை எண்ணெய்ப் புட்டியொன்றை வாங்கி வைத்துக்கொண்டு, பழைய மாத்திரையை நிறுத்த முனைந்திருந்தார். திடீரென நிறுத்தினால் வலிப்பு ஓயாது தொடரக்கூடும், உயிருக்கே அபாயம்! புட்டியின் சீட்டைப் படித்தோம். குமாஸ்தா உத்தியோகம் தந்த வழக்கம் அது. விதை எண்ணெய் உணவுப் பொருள். 2021இல் அரசாங்கம் அனுமதித்தது. வலிப்புக்கு உதவும் கன்னாபிடயாலோ அதில் இல்லையென்றே சொல்லவேண்டும். பூவிலும் இலையிலுமுள்ள அப்பொருளைச் சுத்திகரித்த மருந்துக்கு 2018இல் அமெரிக்கா அனுமதி வழங்கியது, அதுவும் கடுமையான சில வலிப்பு வகைகளுக்கே. கொழுப்பு மிகுந்த ஆகாரத்துடன் உட்கொண்டால் அது நான்கைந்து மடங்கு அதிகமாக உடலில் சேரும். வால்ப்ரோயேட்டுடன் சேர்ந்தால் கல்லீரலைத் தாக்கவும் கூடும். வைத்தியர் குறித்த அளவும் இரத்தப் பரிசோதனையும் இன்றி அதைக் கையாள்வதற்கில்லை. மறுநாள் விடியற்காலையில், புட்டியையும் மாத்திரையையும் எடுத்துக்கொண்டு, நண்பருடன் எய்ம்ஸ் வரிசையில் நின்றோம்.