நூறு டாலர் போனஸின் உண்மை மதிப்பு

விளையாட்டுப் பந்தயத்துக்கு மாநிலங்கள் அனுமதியளிப்பதைத் தடுத்துவந்த கூட்டாட்சிச் சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2018 மே மாதத்தில் செல்லாததாக்கியபின், மாநிலம் மாநிலமாகத் திறந்த சந்தையில் ஆள்பிடிக்கப் பந்தய நிறுவனங்கள் கையிலெடுத்த கருவிகளுள் ஒன்று டெபாசிட் போனஸ். வாடிக்கையாளர் 100 டாலர் செலுத்தினால் நிறுவனமும் 100 டாலரை அவர் கணக்கில் வரவு வைக்கிறது; ஆனால் குறிப்பிட்ட தொகைக்குப் பந்தயம் கட்டி முடிக்கும்வரை அந்த வரவைப் பணமாக எடுக்க இயலாது என்னும் கட்டுப்பாடும் அதனுடனேயே வருகிறது. இக்கட்டுப்பாட்டைச் சுழற்சி நிபந்தனை எனலாம். டெபாசிட்டையும் போனஸையும் சேர்த்து 10 மடங்கு என விதித்திருந்தால், 2,000 டாலர் பந்தயத்தில் புழங்கியாக வேண்டும்.

இந்தப் புழக்கத்துக்கு ஒரு விலை உண்டு. சம வலிமையுள்ள இரு அணிகளுக்கிடையிலான ஆட்டத்தில், 100 டாலர் வெல்ல 110 டாலர் கட்டவேண்டும் என்பதே அமெரிக்காவில் வழக்கமான விகிதம். அந்தப் பத்து டாலர் வேறுபாடே நிறுவனத்தின் கழிவு. வெற்றி தோல்வி சரிபாதியாக அமையும்போது, கட்டிய ஒவ்வொரு 100 டாலரிலும் சராசரியாக 4.55 டாலர் நிறுவனத்திடம் தங்கிவிடுகிறது. ஆகவே 2,000 டாலர் சுழற்சிக்கு எதிர்பார்க்கத்தக்க இழப்பு ஏறத்தாழ 91 டாலர். 100 டாலர் போனஸில் எஞ்சுவது 9 டாலர். நிபந்தனை 11 மடங்கானால் அதுவும் கரைந்துபோகும்; 20 மடங்கானால் பரிசு என்று வந்தது ஏறக்குறைய 82 டாலர் கடனாக மாறிவிடும்.

அந்த 9 டாலரும் சராசரிதானே தவிர உறுதியன்று. ஒவ்வொன்றும் 20 டாலராக 100 பந்தயங்கள் கட்டப்படுவதாகக் கொண்டால், முடிவு இருபுறமும் விலகிச் செல்லும் அளவாகிய திட்ட விலக்கம் ஏறத்தாழ 190 டாலர். நிபந்தனை நிறைவேறுமுன்பே கணக்கு காலியாகிவிடும் வாய்ப்பும் அற்பமானதன்று. நான்கு ஆட்டங்களின் முடிவுகளை ஒன்றாகக் கோத்துக் கட்டும் இணைப்புப் பந்தயத்திலோ ஒவ்வொரு கண்ணியிலும் கழிவு பெருகுவதால், மேற்சொன்ன விகிதத்திலேயே 100 டாலருக்கு 83 டாலர்தான் சராசரியாகத் திரும்புகிறது. பெருந்தொகையைக் காட்டி ஈர்க்கும் இவ்வகைப் பந்தயத்திலேயே சுழற்சியை முடிக்க முனைபவர் போனஸைத் தன் கையாலேயே திருப்பிக் கொடுக்கிறார் என்று கூறுவது மிகையாகாது.

எனினும் போனஸில் இலாபமே இல்லை என்று முடிவுகட்டிவிடவும் இயலாது. பிரிட்டனில் இதையே ஒரு துணை வருமானமாகக் கொண்டவர்கள் உள்ளனர். 2000-இல் தொடங்கப்பட்ட பெட்ஃபேர் போன்ற பந்தயச் சந்தைகளில் ஒருவர் ஓர் அணி வெல்லும் என்று மட்டுமன்றி, வெல்லாது என்றும் இன்னொருவரோடு பந்தயம் கட்டலாம். நிறுவனத்தில் கட்டிய பந்தயத்தை இந்த எதிர்ப்பந்தயத்தால் ஈடுசெய்துவிட்டால், ஆட்டம் எப்படி முடிந்தாலும் வரவு ஒன்றே. 50 பவுண்டுக்கு இலவசப் பந்தயம் கிடைத்ததாகவும், அதில் வென்றால் கட்டுதொகை நீங்கலான இலாபம் மட்டுமே தரப்படுவதாகவும் கொள்வோம். ஐந்து மடங்கு தரும் அணியின்மீது அதைக் கட்டிவிட்டு, சந்தையில் 5.2 விகிதத்தில் அதே அணிக்கு எதிராக 38.61 பவுண்டு கட்டினால், அந்த அணி வெல்லும்போது நிறுவனத்திடமிருந்து 200 பவுண்டு வரும், சந்தையில் 162.16 பவுண்டு போகும். வெல்லாதபோது சந்தையின் 2 விழுக்காட்டுத் தரகு போக 37.84 பவுண்டு கிடைக்கும். இரு வழியிலும் மிச்சம் 37.84 பவுண்டுதான். போனஸின் இலாபம், யார் வென்றாலும் கவலைப்படாதவருக்கே உரியதாகிறது என்பது இங்கே தெளிவாகிறது. விளையாட்டை விரும்பிப் பந்தயம் கட்டுவோரிடம் பெரும்பாலும் இல்லாத குணம் அதுதான்.

நிறுவனங்களும் இதை அறியாதவையல்ல. சந்தை விகிதத்தை ஒட்டியே கட்டுவோரையும், போனஸ் வரும்போது மட்டும் தலைகாட்டுவோரையும் கண்டறிந்து, அவர்களுக்குச் சலுகைகளை நிறுத்துவதும் கட்டக்கூடிய உச்சத்தொகையைச் சில பவுண்டுகளாகக் குறுக்குவதும் வழக்கம். பிரிட்டிஷ் பந்தயக்காரர்கள் அதற்கெனவே ‘கப்பிங்’ என்றொரு கொச்சைச் சொல்லை வைத்திருக்கின்றனர். ஆகவே இவ்வருவாய் தொடர்ந்து ஊறும் ஊற்றன்று; நிறுவனங்களின் பட்டியல் தீரத்தீரத் தானும் வற்றிவிடும்.

சட்டமும் இக்கணக்கின் ஓர் உறுப்பே. சுழற்சி நிபந்தனை போனஸ் தொகையின் 10 மடங்கைத் தாண்டலாகாது என்றும், பந்தயத்தையும் சூதாட்ட இயந்திர விளையாட்டுகளையும் ஒரே சலுகையில் பிணைக்கலாகாது என்றும் பிரிட்டனின் சூதாட்ட ஆணையம் 2025-இல் அறிவித்தது. இந்த வரம்பின்படி 50 பவுண்டு போனஸுக்கு 500 பவுண்டு புழங்கினால் போதும். கழிவு 5 விழுக்காடாயினும் இழப்பு 25 பவுண்டே என்பதால், சராசரியாகப் பாதித்தொகை கையில் நிற்கும். பந்தய வெற்றித்தொகைக்குப் பிரிட்டனில் பந்தயக்காரர் வரி செலுத்த வேண்டியதுமில்லை.

அமெரிக்காவிலோ நிலைமை எதிர்த்திசையில் நகர்ந்துள்ளது. 2025 ஜூலையில் நிறைவேறிய வரிச் சட்டம், 2026 முதல் பந்தய இழப்பில் 90 விழுக்காட்டை மட்டுமே வெற்றியிலிருந்து கழிக்க அனுமதிக்கிறது. இரு நிறுவனங்களில் எதிரெதிராகக் கட்டி ஆண்டுக்கு 10,000 டாலர் வென்று 9,500 டாலர் இழந்தவரிடம் உண்மையில் இருப்பது 500 டாலர். இழப்பை இனவாரியாகக் காட்டிக் கழித்தாலும், அவரது வரிக்குட்பட்ட வருமானம் 1,450 டாலராகக் கணக்கிடப்படும்.