எக்ஸ் தளத்தைவிட்டு வெளியேறுவோர் எங்கே செல்கின்றனர், ஏன் திரும்புகின்றனர்? - ஒரு விளக்கம்

கோலார் தங்கவயல்: கர்நாடக மாநிலம் கோலார் தங்கவயலில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி மூடப்பட்டபோது வேலை போனது, ஊர் கலையவில்லை. மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயில்களில் ஆயிரக்கணக்கானோர் இன்றும் பங்காரப்பேட்டை வழியாகப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் வீடு திரும்புகின்றனர். பிழைப்பு ஓரிடம், உறவு ஓரிடம் என்ற இந்த வாழ்க்கை, சமூக வலைதளங்களில் தற்போது நிகழும் இடப்பெயர்வைப் புரிந்துகொள்ள உதவுகிறது.

ட்விட்டர் நிறுவனத்தை 4,400 கோடி டாலருக்கு எலான் மஸ்க் வாங்கியது 2022 அக்டோபரில். 2023 ஜூலையில் அதன் பெயர் எக்ஸ் என மாறியது. கொள்கை மாற்றங்களால் அதிருப்தியுற்ற பயனர்கள் மாஸ்டடான், த்ரெட்ஸ், புளூஸ்கை ஆகிய தளங்களுக்கு அலை அலையாகச் சென்றனர். ஆனால் சென்றவர்களில் பலர் பழைய கணக்கை மூடவில்லை. காலையில் அங்கே, இரவில் இங்கே என்றே அவர்களது நாள் கழிகிறது.

2019-இல் வீசிய அலை

இந்தியாவுக்கு இது புதிதன்று. உச்ச நீதிமன்ற மூத்த வழக்குரைஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு 2019 அக்டோபரில் முடக்கப்பட்டது. நாஜி வணக்கம் செலுத்தும் கூட்டத்தின் நடுவே ஒரு தொழிலாளி மட்டும் கைகட்டி நிற்கும் 1936-ஆம் ஆண்டுப் படத்தை அவர் முகப்பில் வைத்திருந்தார். மீட்கப்பட்ட கணக்கு, பழைய பகிர்வொன்றைக் காரணம் காட்டி மீண்டும் முடக்கப்பட்டது. இதைக் கண்டித்து நவம்பரில் இந்தியப் பயனர்கள் பலர் மாஸ்டடானில் கணக்கு தொடங்கினர். சில வாரங்களில் அந்த அலை அடங்கியது.

அடுத்தது 'கூ'. பெங்களூருவில் உருவான இச்செயலி முதலில் கன்னடத்திலும் பின்னர் தமிழ் உள்ளிட்ட பிற இந்திய மொழிகளிலும் இயங்கியது. விவசாயிகள் போராட்டத்தின்போது கணக்குகளை முடக்குவது தொடர்பாக மத்திய அரசுக்கும் ட்விட்டருக்கும் மோதல் எழுந்த 2021 பிப்ரவரியில், மத்திய அமைச்சர்களே 'கூ'வுக்கு வருமாறு அழைத்தனர். உச்சகட்டத்தில் நாளொன்றுக்கு 21 லட்சம் பேர் இதைப் பயன்படுத்தியதாக நிறுவனர்கள் தெரிவித்தனர். எனினும், பிற நிறுவனங்களுடனான கூட்டுப் பேச்சுகள் தோல்வியடைந்ததால் சேவையை நிறுத்துவதாக 2024 ஜூலை 3-ஆம் தேதி அவர்கள் அறிவித்தனர். அந்த அறிவிப்பு லிங்க்ட்இன் என்ற வேறொரு தளத்திலும் வெளியானது கவனிக்கத்தக்கது.

ஏன் நிலைப்பதில்லை?

தொழில்நுட்ப வல்லுநர்கள் இதற்கு 'நெட்வொர்க் எஃபெக்ட்' எனப் பெயரிடுகின்றனர். வலையமைப்பு விளைவு என்று மொழிபெயர்க்கலாம். ஆனால் பொருள் அதைவிட எளிது. சந்தையில் ஆள் இருந்தால்தான் கடை போட முடியும். ஒரு தளத்தின் பயன் அதன் வசதிகளில் இல்லை. நாம் தேடும் மனிதர்கள் அங்கே இருக்கிறார்களா என்பதில் இருக்கிறது. தனியொருவர் கிளம்பினால் அவர் சென்று சேரும் இடம் வெறிச்சோடிக் கிடக்கும்.

கூட்டமாகக் கிளம்பினால் நிலைமை வேறு. பிரேசில் உச்ச நீதிமன்ற நீதிபதியின் உத்தரவால் எக்ஸ் தளம் 2024 ஆகஸ்ட் இறுதியில் அந்நாட்டில் தடைசெய்யப்பட்டது. ஒரே நேரத்தில் அனைவரும் வெளியேற நேர்ந்ததால், புளூஸ்கைக்குச் சில நாள்களிலேயே இருபது லட்சத்துக்கும் அதிகமான புதிய பயனர்கள் கிடைத்தனர். அக்டோபரில் தடை நீங்கியது. நவம்பரில் அமெரிக்கத் தேர்தலுக்குப் பின்னர் புளூஸ்கையின் பயனர் எண்ணிக்கை 2 கோடியைத் தாண்டியது. தங்கவயலும் இவ்வாறு உருவானதே. வட ஆர்க்காடு பகுதியிலிருந்து தனி ஆட்களாக மட்டுமின்றி, உறவும் ஊருமாக வந்து குடியேறியதால்தான் சுரங்கம் மூடிய பின்னரும் அந்த ஊர் தமிழ் பேசுகிறது.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோ நிறுவனத்தின் 'அரட்டை' செயலியும் இச்சோதனையைச் சந்திக்கிறது. வாட்ஸ்ஆப்புக்கு மாற்றாகக் கருதப்படும் இதில் நாளொன்றுக்கு 3,000 ஆக இருந்த புதிய பதிவுகள் மூன்றே நாள்களில் 3.5 லட்சமாக உயர்ந்ததாக ஸ்ரீதர் வேம்பு 2025 செப்டம்பரில் தெரிவித்தார். பதிவு செய்வது ஒரு நிமிட வேலை. குடும்பக் குழு, தெருக் குழு, பள்ளிப் பெற்றோர் குழு ஆகியவற்றை மொத்தமாக இடம் மாற்றுவதுதான் கடினம்.

எதை எடுத்துச் செல்லலாம்?

மாஸ்டடான் என்பது ஒரே நிறுவனத்தின் தளமன்று. மின்னஞ்சலைப்போல் பலர் நடத்தும் வழங்கிகளின் கூட்டமைப்பு. ஒரு வழங்கியிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது பின்தொடர்வோரை உடன் அழைத்துச் செல்லலாம். பழைய பதிவுகள் வாரா. பதிவுகளையும் சேர்த்தே இடம் மாற்றும் வகையில் புளூஸ்கையின் நெறிமுறை வடிவமைக்கப்பட்டுள்ளது. எக்ஸ், முகநூல் ஆகியவற்றில் இவ்வசதி இல்லை.

தங்கவயலைப் பொறுத்தவரை இது வெறும் தொழில்நுட்பக் கேள்வியன்று. வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் வாழும் தங்கவயல்காரர்கள் முகநூல் குழுக்களில் சுரங்கக் குடியிருப்புகள், பள்ளிகள், திருவிழாக்கள் ஆகியவற்றின் பழைய படங்களைப் பகிர்ந்து வருகின்றனர். 'கேஜிஎஃப்' என்று தேடினால் 2018-இல் வெளியான திரைப்படமே முன்னே வந்து நிற்கும் இணையத்தில், ஊரின் நினைவுகள் தங்கியிருக்கும் இடங்களுள் இக்குழுக்களும் அடங்கும். 2014 செப்டம்பர் 30-ஆம் தேதி மூடப்பட்ட ஆர்குட்டில், பயனர்கள் தங்கள் தரவை எடுத்துக்கொள்ள 2016 செப்டம்பர் வரை அவகாசம் தரப்பட்டது. எல்லா நிறுவனங்களும் அவ்வளவு காலம் காத்திருக்கும் என்று எதிர்பார்க்க இயலாது.

எக்ஸ், முகநூல் இரண்டின் அமைப்புகள் பகுதியிலும் தரவைப் பதிவிறக்கும் வசதி உள்ளது. கோரிக்கை அளித்தால், கோப்பு தயாரானதும் தகவல் வரும். ஆனால் அதில் பயனரின் சொந்தக் கணக்கு சார்ந்த தரவே கிடைக்கும். குழுவில் மற்றவர்கள் பகிர்ந்த படங்களை, அவர்களது அனுமதியுடன் ஒவ்வொன்றாகவே சேமித்துக்கொள்ள வேண்டும்.