முதிர மறுக்கும் செல்லும் சிக்கெண்ணெய் மூலக்கூறும்

பழைய முறுக்கு டப்பாவைத் திறந்ததும் சிக்கு வாடை மூக்கில் ஏறுமே, ஏறக்குறைய அதே வேதியியல்தான் நம் செல்களின் சவ்விலும் நடக்கிறது. அங்குள்ள நிறைவுறாக் கொழுப்பு அமிலங்களில் ஒன்று ஆக்ஸிஜனிடம் சிக்கிக் கெட்டால், பக்கத்தில் இருப்பதையும் கெடுத்துவிடும். கடைசியில் உடைந்து விழும் துண்டுகளில் ஒன்றுதான் ஹைட்ராக்ஸிநோனினல். ஒன்பது கார்பன் கொண்ட ஆல்டிஹைடு, ஆய்வகத்தில் எச்.என்.இ. என்பார்கள். புரதத்தைக் கண்டால் ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும். 1980-ல் இத்தாலிய ஆய்வாளர்களும் ஆஸ்திரியாவின் ஹெர்மன் எஸ்டர்பாவரும் கல்லீரல் கொழுப்பிலிருந்து இதை இனங்கண்டபோது, நஞ்சு என்றுதான் எழுதினார்கள்.

டூரின் நகரில் மரியோ டியான்ஸானி, ஜியூசெப்பினா பரேரா குழுவினருக்கு வேறொரு சந்தேகம். கல்லீரல் புற்றுச் செல்கள் இயல்பிலிருந்து விலக விலக, அவற்றின் சவ்வு சிக்கெடுப்பதும் குறைந்துகொண்டே போகிறது. அப்படியானால், இல்லாமல் போன அந்தத் துண்டைக் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்தால்?

அதற்கு எச்.எல்-60 செல்கள் தோதாக இருந்தன. 1970-களில் அமெரிக்காவில் ஒரு ரத்தப் புற்று நோயாளியிடமிருந்து எடுத்து வளர்க்கப்பட்டவை. வெள்ளணுவாக வேண்டியவை, பாதி வழியிலேயே நின்று பெருகிக்கொண்டே இருப்பவை. ‘பெருகு’ என்று ஏவும் சி-மைக் மரபணு இவற்றில் பல பிரதிகளாக இருக்கிறது.

கொடுத்தது லிட்டருக்கு ஒரு மைக்ரோமோல், அதாவது சுமார் 0.16 மில்லிகிராம். செல் இதைச் சில நிமிடங்களில் செரித்துவிடும் என்பதால், இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பக் கொடுத்தார்கள். சி-மைக்கின் குரல் தணிந்தது. செல் பிரிவை நடத்தும் சைக்ளின்கள் குறைந்து, பி21 என்னும் தடைப் புரதம் கூடியது. வழக்கமாக பி21-ஐ எழுப்பும் பி53 மரபணு எச்.எல்-60-ல் கிடையாது என்பதுதான் எனக்கு இதில் பிடித்த விஷயம். வேறு வழியாகத்தான் சேதி போயிருக்க வேண்டும். பெருகுவதை விட்ட செல்களில் ஒரு பகுதி, முதிர்ந்த வெள்ளணுவைப் போல அந்நியத் துகள்களை விழுங்கவும் ஆரம்பித்தது. கே562 என்ற இன்னொரு ரத்தப் புற்றுச் செல்லிலும் சி-மைக் தணிந்தது. அது சிவப்பணு வம்சம் என்பதால் அங்கே கூடியது, ஹீமோகுளோபினுக்கான குளோபின் மரபணுவின் வேலை.

அளவு பல மடங்கு ஏறினால் செல் முதிர்வதில்லை, செத்துப்போகிறது. இதெல்லாம் வளர்ப்புத் தட்டில் நடந்தது. சிக்கெண்ணெயை யாரும் மருந்தாக்கிக்கொள்ள வேண்டாம். எச்.என்.இ.-யை ரத்த ஓட்டத்தில் விட்டால், புற்றுச் செல்லைத் தேடிப் போகும் முன்பே வழியில் அகப்படும் புரதங்களோடு அது ஒட்டிக்கொண்டுவிடும்.