மீண்டு வந்த காணி கடனில் போகாதிருக்க

மருதனார்மடச் சந்தைக்கு விடியற்காலையில் வெங்காயமும் கத்தரியும் கொண்டு வருகிறவர்களிடையே, 1990 ஆனி மாதத்தில் வலிகாமம் வடக்கை விட்டுப் பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் காணலாம். சுன்னாகம் சபாபதிப்பிள்ளை முகாமிலும் மல்லாகம் கோணப்புலம் முகாமிலும் வளர்ந்து, பிறருடைய காணியைக் குத்தகைக்கு எடுத்துத் தோட்டம் செய்து பிழைத்தவர்கள் இவர்கள். போர் முடிந்த பின், குறிப்பாக 2015 முதல், உயர் பாதுகாப்பு வலயக் காணிகள் கட்டம் கட்டமாக விடப்பட்டபோது இவர்களிற் பலர் தம் சொந்த மண்ணை மீண்டும் மிதித்தார்கள். இன்னும் மிதிக்காதோரும் உளர்.

மீண்ட காணி வெறுங்காணியாகவே வந்தது. பற்றை வெட்ட வேண்டும். தூர்ந்த கிணறு இறைக்க வேண்டும். வேலி அடைக்க வேண்டும். நீர்ப்பம்பி வாங்க வேண்டும். கையில் காசில்லாதவர்கள் கடன்பட்டார்கள். பட்ட கடனை விளைச்சலில் தீர்க்கலாம் என்றிருந்த வேளையில், 2020 மார்கழியில் கொரோனாத் தொற்றினால் மருதனார்மடச் சந்தையே மூடப்பட்டது. 2021இல் இரசாயன உரத் தடை வந்தது. 2022 ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியது. தவணை மட்டும் நிற்கவில்லை.

முப்பது வருடம் காத்திருந்து மீட்ட காணி, மூன்று வருடக் கடனில் கைமாறிப் போகலாமா? போகாமற் காக்கச் சட்டத்திலே சில வாசல்கள் உள்ளன. ஆனால் ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு திகதி உண்டு. அத்திகதிக்கு முன் போகிறவருக்கே அது திறக்கும். இதனை எமது குடும்பங்கள் தெளிவாக அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

ஈடா, ஒற்றியா, அறுதியா?

காணியை வைத்துத் தனியாரிடம் கடன் வாங்கியவர்கள் முதலில் தம் உறுதியை எடுத்து, அது எந்த வகை உறுதி என்று பார்க்க வேண்டும்.

ஈடு என்றால் காணி உங்களுடையது. கடன் கொடுத்தவர் காசைப் பெற வேண்டுமானால் நீதிமன்றத்தில் வழக்கு வைத்துத் தீர்ப்புப் பெற்றே காணியை விற்பிக்கலாம். ஒற்றி எமது தேசவழமை அறிந்த முறை; கடன் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாகக் காணியின் விளைவை அனுபவிப்பார்; உரித்து உங்களிடமே நிற்கும்.

மூன்றாவது வகைதான் ஆபத்தானது. ‘இத்தனை வருடத்துக்குள் இத்தனை ரூபா கொடுத்தால் திருப்பி எழுதித் தருவேன்’ என்ற நிபந்தனையோடு அறுதியாக எழுதுவது. இதில் உரித்து அன்றைக்கே மாறி விடுகிறது. குறித்த நாள் கடந்தால் மீட்கும் உரிமையும் போய்விடுகிறது. பத்து இலட்சம் பெறும் காணி இரண்டு இலட்சம் கடனுக்காகப் போவது இப்படித்தான்.

அண்மையில் எம்மிடம் வந்த ஒரு விதவைத் தாய், “ஈடுதான் சுவாமி வைச்சனான்” என்றே சொல்லிக் கொண்டிருந்தார். உறுதியை வாசித்தபோது அது நிபந்தனையோடு எழுதிய அறுதி. நல்ல காலமாக மீட்கும் தவணைக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது. அவரைப் போல எத்தனை பேர் தம் உறுதியை ஒருமுறையேனும் வாசிப்பிக்காமல் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள்!

கடன் இணக்க சபை

இப்படிப்பட்டவர்களுக்கென்றே எமது நாட்டில் ஒரு சபை உண்டு. 1930களின் பொருளாதார மந்தத்தில் உழவர் காணிகள் கடன்காரர் கைக்குப் போய்க்கொண்டிருந்தன. அயலிலே சென்னை மாகாணத்தில் இராசாசி தலைமையிலான அரசு 1938இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டு வந்தது. இலங்கையில் 1941ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கக் கடன் இணக்கக் கட்டளைச் சட்டம் ஆக்கப்பட்டது. அதன்படி அமைந்த கடன் இணக்க சபை நீதி அமைச்சின் கீழ் கொழும்பில் இயங்குகிறது.

காணியை ஈடு வைத்தவரும், மீட்கும் நிபந்தனையோடு எழுதியவரும் இச்சபைக்கு விண்ணப்பிக்கலாம். சபை இரு பகுதியாரையும் அழைத்து, உண்மையில் வாங்கிய முதல் எவ்வளவு, கட்டியது எவ்வளவு, நியாயமான வட்டி எவ்வளவு என்று விசாரித்து, தவணை முறையில் தீர்க்க இணக்கம் காண முயலும். விண்ணப்பம் சபை முன் நிற்கும் வரை அதே விடயத்தை நீதிமன்றம் வழக்காக எடுக்காது. ஆகவே மூச்சுவிட நேரம் கிடைக்கிறது.

இரண்டு எல்லைகளை மறக்கக் கூடாது. ஒன்று, இது தனியாரிடம் பட்ட கடனுக்கானது. வங்கிக் கடனை இங்கே கொண்டு போக முடியாது. மற்றது, நிபந்தனை உறுதியானால் மீட்கும் காலம் முடிவதற்கு முன்னரே விண்ணப்பிக்க வேண்டும். கடைசி வாரத்தில் ஓடித் திரியாமல் சில மாதங்களுக்கு முன்பே தொடங்குவது நல்லது.

நாள் கடந்து விட்டதா? அப்போதும் ஒரு சிறு வாசல் உண்டு. காணியை விற்கும் எண்ணமில்லாமல் கடனுக்குப் பிணையாகவே எழுதினேன் என்று நிரூபித்தால், 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 83ஆம் பிரிவின் கீழ், வாங்கியவர் அதை உங்களுக்காகவே வைத்திருக்கிறார் என்று நீதிமன்றம் கொள்ளலாம். விலை காணியின் பெறுமதிக்கு மிகக் குறைவாக இருந்ததும், எழுதிய பின்னும் நீங்களே தோட்டம் செய்து வந்ததும் இதற்குச் சான்றாகும். ஆனால் இது நீண்ட வழக்கு, செலவும் உண்டு. இந்த வாசலை நம்பி முன்வாசலைத் தவற விடாதீர்கள்.

புறோநோட்டும் வட்டியும்

காணி எழுதாமல் புறோநோட்டில் வாங்கிய கடனுக்கு 1918ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கப் பணங்கடன் கொடுத்தல் கட்டளைச் சட்டம் பொருந்தும். வட்டி அளவுக்கு மிஞ்சியது, கொடுக்கல் வாங்கல் நியாயமற்றது என்று கண்டால் பழைய கணக்கை மீளத் திறந்து பார்க்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. உண்மையில் கொடுத்த முதல், முன்கூட்டிக் கழித்த வட்டி, வட்டி வீதம் மூன்றும் நோட்டில் எழுதப்பட வேண்டும் என்றும் அச்சட்டம் சொல்கிறது. எனவே வெற்றுத் தாளிலோ வெற்று நோட்டிலோ கையொப்பம் இடவே வேண்டாம். வெற்றுக் காசோலையும் கொடுக்க வேண்டாம். கணக்கில் காசில்லை என்று தெரிந்தே காசோலை கொடுப்பது குற்றமாகும்.

நிலுவை வட்டி முதலை மிஞ்சக் கூடாது என்பது எமது சட்டத்தில் நெடுநாள் நிலைத்த விதி. இதனாற்றான் சிலர் ஒவ்வொரு வருடமும் ‘நோட்டைப் புதுப்பிப்போம்’ என்று கேட்கிறார்கள். புதுப்பிக்கும்போது பழைய வட்டி புதிய முதலாகி விடுகிறது. புதுப்பிக்கும் முன் கணக்கை வேறொருவரிடம் காட்டுங்கள்.

வாராந்தத் தவணை

போருக்குப் பின் வடக்கிலே பரவிய நுண்கடன் பெண்களின் பெயரிலேயே வந்தது. ஒரு கணக்கைப் பார்ப்போம். 1 இலட்சம் ரூபா, ஒரு வருடம், நூற்றுக்கு 24 வட்டி. மொத்தம் 124,000 ரூபா. 52 கிழமைக்குப் பிரித்தால் கிழமைக்கு ஏறக்குறைய 2,385 ரூபா. ஆனால் முதற் கிழமையிலிருந்தே முதலைத் திருப்பிக் கட்டுவதால், வருடம் முழுவதையும் எடுத்துப் பார்த்தால் சராசரியாக 50,000 ரூபாதான் உங்கள் கையில் இருக்கிறது. அதற்கு 24,000 ரூபா வட்டி! 24 என்று சொன்னது உண்மையில் நாற்பதைத் தாண்டுகிறது. ஆகவே ‘வருடத்துக்குரிய உண்மையான வட்டி வீதம் என்ன? எழுத்தில் தாருங்கள்’ என்று கேளுங்கள். நூற்றுக்கு 35 என்ற உச்ச வரம்பை மத்திய வங்கி விதித்ததும் இப்படிக் கணக்கிட்ட உண்மையான வீதத்துக்கே.

2018இல் நிதி அமைச்சராயிருந்த மங்கள சமரவீர, வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற, 1 இலட்சத்துக்கு மேற்படாத, மூன்று மாதத்துக்கு மேல் தவணை தவறிய நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை அறிவித்தார். வடமாகாணமும் அதில் அடங்கியது. நகையை அடகு வைத்து நேரத்துக்குக் கட்டியவர்களுக்கு அது கிட்டவில்லை. 2021 பங்குனியில் பொலன்னறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடவில் நுண்கடனால் பாதிக்கப்பட்ட பெண்கள் நீண்ட சத்தியாக்கிரகம் இருந்தார்கள். 2022இல் சிறு அளவில் நெல் செய்தோரின் கடனைத் தள்ளுபடி செய்யும் தீர்மானம் வந்தது. அது நெல்லுக்கு மட்டுமே. எமது வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் அல்ல. அரசு தள்ளுபடி செய்யும் என்று காத்திருந்து காணியை இழப்பது புத்தியல்ல.

வங்கி கடிதம் அனுப்பினால்

வங்கிக்கு வேறு சட்டங்கள் உண்டு. 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், ஈடு வைத்த காணியை வழக்கின்றியே வங்கி ஏலத்தில் விற்கலாம். இதையே ‘பராட்டே’ என்கிறார்கள். ஆனால் 2011இல் செய்த திருத்தத்தின்படி, முதல் 50 இலட்சம் ரூபாவுக்குக் குறைந்த கடனில் இந்த அதிகாரத்தைப் பாவிக்க முடியாது. எமது கமக்காரரின் கடன் பெரும்பாலும் அதற்குள்ளேயே அடங்கும். அவர்களுக்கு எதிராக வங்கி நீதிமன்றம் போக வேண்டும்.

அதற்கு முன்னரே வங்கி முகாமையாளரைச் சந்தித்து, பயிர் அழிந்த விபரத்தோடு எழுத்தில் விண்ணப்பித்து, தவணையை மாற்றித் தரும்படி கேளுங்கள். கமநல சேவை நிலையத்திலும் கிராம அலுவலரிடமும் பயிரழிவுக்குச் சான்று பெற்று இணையுங்கள். தவணை தவறிய பின் கேட்பதிலும் தவறும் முன் கேட்பது பலம்.

நீதிமன்ற அழைப்பாணை வந்தால் ஒளிக்க வேண்டாம். போகாவிட்டால் ஒருதலையாகத் தீர்ப்பாகி விடும். அப்படித் தீர்ப்பானாலும், அது உங்கள் கையில் கிடைத்து 14 நாட்களுக்குள் தகுந்த காரணம் காட்டி நீக்கக் கேட்கலாம். வங்கி 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் மீட்புச் சட்டத்தின் கீழ் வழக்கு வைத்திருந்தால் எதிர்வாதம் செய்யவே அனுமதி பெற வேண்டும். ஆகவே அன்றைக்கே சட்டத்தரணியிடம் போங்கள்.

கடன் கட்டாதது குடியியல் விடயம். கடன் அறவிடுவது பொலிசாரின் வேலை அல்ல. வீட்டு வாசலில் நின்று ஏசவோ பொருளைத் தூக்கவோ எந்த நிறுவனத்து ஊழியருக்கும் உரிமை இல்லை. நீதிமன்றக் கட்டளையோடு பிஸ்கால் வந்தாற்கூட, கமக்காரனின் மண்வெட்டி முதலான கருவிகளையும், பிழைப்புக்கு வேண்டிய மாட்டையும் விதையையும் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 218ஆம் பிரிவு காக்கிறது.

வங்குரோத்துச் சட்டம் உதவுமா?

‘வங்குரோத்து என்று அறிவித்தால் கடன் எல்லாம் போய்விடுமாமே’ என்று இளைஞர் சிலர் கேட்கிறார்கள். எமது நாட்டில் தனியாட்களுக்கான வங்குரோத்துச் சட்டம் 1853ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். மாவட்ட நீதிமன்றம் ஒருவரை வங்குரோத்தானவர் என்று தீர்த்தால், அவருடைய சொத்து கடன்காரருக்காக ஒப்படைக்கப்படும். காணியை விட்டால் வேறு சொத்தில்லாத கமக்காரனுக்கு, காக்க நினைத்ததையே முதலில் கொடுக்கும் வழி இது.

வேறு நாடுகள் வேறு வழி கண்டுள்ளன. அமெரிக்காவில் 1986இல் கமக்காரக் குடும்பங்களுக்கெனத் தனி வங்குரோத்து அத்தியாயம் ஆக்கினார்கள். காணியை வைத்துக்கொண்டே மூன்று முதல் ஐந்து வருடத்தில் இயன்றதைக் கட்ட அது இடமளிக்கிறது. கேரளத்தில் 2007இல் விவசாயிகள் கடன் நிவாரண ஆணைக்குழு அமைந்தது. இத்தகைய சட்டம் எமக்கும் வேண்டும் என்று கேட்பது நியாயம். அது வரும்வரை உள்ள வாசல்களைப் பாவிக்கத் தெரிய வேண்டும்.

இந்தக் கிழமையே செய்யக் கூடியவை

ஒரு கொப்பியில் யாரிடம், எப்போது, எவ்வளவு வாங்கினீர்கள், எவ்வளவு கட்டினீர்கள், கடைசித் திகதி எது என்று எழுதுங்கள். கட்டிய ஒவ்வொரு தொகைக்கும் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். இடம்பெயர்வில் உறுதி தொலைந்திருந்தால் யாழ்ப்பாணம் காணிப் பதிவகத்தில் பிரதி பெற முயலுங்கள். பிறருக்குப் பிணை நிற்பதானால், அவர் கட்டாவிட்டால் நீங்களே முழுவதும் கட்ட நேரும் என்று எண்ணி நில்லுங்கள். முதலில் கடன்பட்டவரைப் பிடிக்கும்படி கேட்கும் உரிமையை அப்படிவத்திலேயே பெரும்பாலும் கைவிடச் செய்து விடுகிறார்கள்.

கூலி கொடுத்துச் சட்டத்தரணி வைக்க இயலாதவர்களுக்கு, 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையம் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. வருமானம் குறைந்தோருக்கு இலவச ஆலோசனையும் வழக்கு உதவியும் கிடைக்கும். சிறு தொகைப் பிணக்கை உங்கள் பிரதேச மத்தியஸ்த சபைக்கும் கொண்டு போகலாம்.

நியாயமாக வாங்கிய கடனை ஏமாற்ற வழி காட்டவில்லை நாம். பட்ட கடனைக் கட்டுவது எமது குடும்பங்களின் மானம். அந்த மானத்தையே பிடித்துக்கொண்டு ஒருவர் உங்கள் காணியை எழுதுவிப்பதை நாம் ஏற்கவில்லை. வெட்கத்தினால் மறைத்த கடன்தான் பெரும்பாலும் காணியைக் கொண்டு போகிறது. இன்றைக்கே உறுதியை எடுங்கள்; வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து வாசிப்பியுங்கள்; மீட்கும் திகதியைக் கொப்பியின் முதற் பக்கத்தில் எழுதுங்கள்.